சர்க்கார் பானை

பானை கசியவில்லை.

ஐந்து நாளாகக் குத்தாலிங்கம் தோட்டத்து மண்ணில் குப்புறப் படுத்து, கழுத்துவரை புதைந்திருந்த பானைக்குள் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் குச்சியில் நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தார். ஐந்தாம் நாளும் தண்ணீர் அந்தக் கீறலிலேயே நின்றது. பானைக்கு ஒரு சாண் தள்ளி நின்ற எலுமிச்சைக் கன்று, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தாகத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"கசியும்னு சொன்னிய, சார்?" என்று கேட்டார் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு.

பிளாக் ஆபீசிலிருந்து விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவக் அருமைநாயகம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். பானைக்குள் அவர் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்துக்கும் விஷயம் தெரியவில்லை.

"மேல கேட்டுச் சொல்லுதேன், அண்ணாச்சி."

"மேலன்னா?"

"மேலதான்," என்று மேற்கே எங்கோ கையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

குத்தாலிங்கத்துக்குப் பெயர்தான் குற்றாலநாதர் பெயர். நிலம் அப்படி இல்லை. அச்சன்புதூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். பாகம் பிரித்தபோது அண்ணன்மார் இரண்டு பேரும் வயலை எடுத்துக்கொண்டு, கடைக்குட்டிக்குக் குத்துக்கல்வலசை ஓரத்தில் ஒன்றேகால் ஏக்கர் செம்மண்ணையும் ஒரு கல்கிணற்றையும் தள்ளிவிட்டார்கள். கிணற்றில் காலையில் பத்து வாளி ஊறும். சாயங்காலம் மூன்று வாளி. தோட்டத்து மேட்டில் நின்று மேற்கே பார்த்தால் குற்றால மலையில் அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்கும். காது கொடுத்தால் சத்தம்கூடக் கேட்கும் என்பார் அவர். கேட்காது.

நெல் வீட்டுப் பிள்ளையாதலால், பாசனம் என்றால் அவருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், நின்று வெயிலில் மினுங்க வேண்டும். கார்த்திகையில் முப்பத்திரண்டு எலுமிச்சைக் கன்று நட்டார். தை பிறந்ததும் கிணறு இறங்கிவிட்டது. அவரோ இருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்து முதல் பத்துக் கன்றைக் குளமாக்கினார். மீதி இருபத்திரண்டும் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றன. அந்தக் கன்றுகளுக்கு அவர் மனைவி சொக்கம்மாள்தான் ஊர்க் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அவள் சங்கரன்கோவில் பக்கத்துக் காய்ந்த ஊரில் பிறந்தவள். ஒரு சொம்பு தண்ணீரில் முகம் கழுவி, அந்தத் தண்ணீரிலேயே காலையும் கழுவிக்கொள்ளத் தெரிந்தவள்.

மாசியில் ஒரு நாள் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க," என்று ஆரம்பித்தாள்.

"நெல்லு வெளஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு, மழையையே பாக்காத ஊர்க்காரி நீ சொல்லித் தரப்போறியாக்கும்?"

சொக்கம்மாள் வீட்டுக்குள் போனாள். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். குற்றாலத்தில் அவள் அக்காவுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வேலிப்படலைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"கன்னு துளுக்கட்டும். துளுத்தா கூப்பிட வாங்க. இல்லைன்னா நீங்களும் உங்க கன்னும் சேந்து காயுங்க."

இது அறுபத்திரண்டாம் வருஷம் நடந்தது. பதினோரு வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவள் அவரை விட்டு நான்கு நாளைக்கு மேல் இருந்ததில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் போனபின் அந்த வீட்டில் பேசுவதற்கு இருந்தது பல்லி ஒன்றுதான். குத்தாலிங்கம் வடித்த சோறு ஒரு பக்கம் குழைந்தது, ஒரு பக்கம் வேகவில்லை. வட்டிலை எடுக்கும்போது பழக்கத்தில் இரண்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைப்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கன்று கன்றாகப் போய்த் துளிர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. பிறகு மேட்டில் ஏறி மலையைப் பார்ப்பார்.

இருபது நாள் இப்படிப் போனபின்தான் அருமைநாயகம் சைக்கிளில் வந்தார்.

"சர்க்கார் திட்டம், அண்ணாச்சி," என்றார், யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறவர் மாதிரி ஒரே மூச்சில். "கன்னுக்குப் பக்கத்துல மண்பானையக் கழுத்துவரைக்கும் பொதைக்கணும். தண்ணிய ஊத்தி மூடி வச்சிரணும். பானை வெளியில கசியும். வேரு அதத் தேடி வந்து குடிச்சிக்கிடும். வெயிலுக்கு ஆவியாகாது, களைக்கும் போகாது. பத்து வாளி ஊறுற கிணறு இருந்தா முப்பத்திரண்டு கன்னும் பொழைக்கும்."

சர்க்கார் என்ற வார்த்தை போதும் குத்தாலிங்கத்துக்கு. அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு சூளைக்குப் போனார். சர்க்கார் காரியத்துக்கு மட்டமான பானை வாங்கலாமா? ஒவ்வொன்றாகத் தட்டி, கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்ட முப்பத்திரண்டு பானைகளைப் பொறுக்கி எடுத்தார்.

அதனால்தான் கசியவில்லை. அது அவருக்குத் தெரியாது.

மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை பொறுக்காமல், பானைகளைத் தோண்டி எடுத்துச் செங்கல்லால் தேய்த்தார். மேல்தோல் உரிந்தால் கசியாதா என்ற யோசனை. ஆறு பானை உடைந்தது. உடையாத பானைகளிலோ செங்கல்தான் தேய்ந்தது.

வியாழக்கிழமை அருமைநாயகம் பதிலோடு வந்தார்.

"நல்லா வெந்த பானை ஆகாதாம், அண்ணாச்சி. தட்டினா தொப்புன்னு கேக்கணுமாம். சூளை ஓரத்துல சூடு படாம அரைவேக்காடா கெடக்கும் பாருங்க, அதுதான் வேணுமாம்."

"சூளை ஓரம் வரைக்குமா மேலிடத்துக்குத் தெரியுது!" என்று அதிசயப்பட்டார் குத்தாலிங்கம்.

"எல்லாம் தெரியுது," என்றார் அருமைநாயகம் பெருமூச்சோடு. "அப்புறம் இன்னொரு விதி. பானைக்குத் தண்ணி ஊத்துறவங்க வெறும் வயித்தோட ஊத்தக் கூடாதாம். கஞ்சி குடிச்சிட்டுத்தான் ஊத்தணுமாம். உச்சி வெயில்ல தலையில துண்டு இல்லாம தோட்டத்துல நிக்கவும் கூடாதாம்."

"அது எதுக்கு?"

"விதின்னா விதிதான், அண்ணாச்சி."

குத்தாலிங்கம் அன்று முதல் விதிப்படி கஞ்சி குடித்தார். உடம்பு கொஞ்சம் தேறியது.

சூளைக்காரர் பெரிய ரோசக்காரர். "என் சூளையில அரைவேக்காடா? யாரு சொன்னது?" என்று குதித்தார்.

"நல்ல பானையெல்லாம் திரும்ப எடுத்துக்கிடும் வே. கெட்ட பானையாப் பாத்துக் குடும்."

"கெட்ட பானைய வச்சு என்ன செய்யப்போறீரு?"

"அது சர்க்கார் விஷயம். வெளிய சொல்லப்படாது," என்றார் குத்தாலிங்கம். சொல்லக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சர்க்கார் விஷயத்தைப் பற்றி அப்படிப் பேசினால்தான் மரியாதை என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. நல்ல பானையைத் தள்ளிவிட்டு அரைவேக்காட்டுப் பானையாக முப்பத்திரண்டு வாங்கிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கிறார், கேட்டால் வெளியே சொல்லப்படாது என்கிறார். மதுவிலக்குக் காலம் அது. அந்த வட்டாரத்தில் பானையை மண்ணுக்குள் புதைத்தவர்கள் எல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் புதைத்தார்கள்: சாராய ஊறல்.

குத்தாலிங்கத்துக்கு இதொன்றும் தெரியாது. அவர் தோட்டத்தில் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. புதைத்த மறுநாள் ஈர்க்குச்சியில் தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருந்தது. பானையைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பார்த்தால், காப்பிப்பொடி நிறத்தில் ஈரம். அந்த மண்ணை அள்ளி மூக்கில் வைத்து மோந்தார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று அவருக்கே தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துச் சைதூன் பீவி வாரத்துக்கு இரண்டு நாள் குற்றாலத்துக்குக் கோரைப்பாய் விற்கப் போவாள். சொக்கம்மாளைப் பார்க்காமல் வர மாட்டாள். குத்தாலிங்கம் வேலியோரம் வந்து நிற்பார். ஆனால் பெண்டாட்டியைப் பற்றி வாய் திறந்து கேட்க மாட்டார்.

"அருவி எப்படி இருக்கு, சைதூனு?" என்பார்.

சைதூன் பீவி புரிந்துகொள்கிறவள். "அருவி மெலிஞ்சு போச்சு, அண்ணாச்சி. முன்ன மாதிரி சத்தமும் இல்ல."

"கோடையில்லா. மெலியத்தான் செய்யும்."

"அருவியும் கேட்டுது. 'கன்னு நேரா நேரத்துக்குச் சாப்பிடுதா'ன்னு."

"சாப்பிடுதுன்னு சொல்லு," என்பார் குத்தாலிங்கம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஈரம் இருக்குன்னும் சொல்லு."

ஈரம் இருந்ததால் வேறு தொல்லை வந்தது. காக்கையும் நாயும் ஆடும் பானையில் வாய் வைக்க ஆரம்பித்தன. குத்தாலிங்கம் முப்பத்திரண்டு பானைக்கும் மூடி போட்டு, மூடிமேல் கல் வைத்து, கல்லைச் சுற்றி முள்ளை அடைத்தார். டீக்கடையில் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

முதலில் வந்தவர் மர அறுப்புக் கடை நல்லக்கண்ணு. வேலிக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என்ன அண்ணாச்சி, தோட்டத்துல தண்ணி இருக்காமே?"

"இருக்கு. முப்பத்திரண்டு பானை."

"முப்பத்திரண்டா! தைரியந்தான் உமக்கு. பதம் வந்துட்டுதா?"

"அங்கங்க வந்திருக்கு. அடி வரைக்கும் எறங்கணும்லா?"

"எறங்கும்போது காந்துமோ?"

"காந்தவாவது! குளுகுளுன்னு எறங்கும்."

நல்லக்கண்ணு எச்சில் விழுங்கினார். "ஒரு சொம்பு குடும்."

"சொம்பா? ஒரு சொட்டு தர மாட்டேன். சர்க்கார் காரியம் வே இது."

"சர்க்காருமா இதுல கூட்டு?" என்று வாயைப் பிளந்தபடி போனார் நல்லக்கண்ணு.

அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து வேலியோரம் நின்று ஏக்கமாகப் பார்த்தார்கள். தாகத்தில் வருகிறார்கள் என்று நினைத்துக் குத்தாலிங்கம் பரிதாபப்பட்டார். ஆனாலும் கன்றுக்கு உள்ளதை மனிதனுக்குக் கொடுக்க முடியுமா? ஒரு பலகையில் தாரால் எழுதி வாசலில் நட்டார்: 'இது சர்க்கார் தண்ணி. குடிக்கப்படாது.'

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள்.

சித்திரைக் கடைசியில், வடக்கு வரிசை மூன்றாம் கன்றில், செந்நிறமாகக் குழந்தையின் நகம் போல ஒரு துளிர் தெரிந்தது. குத்தாலிங்கம் அதன்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். அதிலிருந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். 'துளுத்துட்டுது. வா.' அவ்வளவுதான். மூன்று சொல்கூட இல்லை.

சொக்கம்மாள் ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குத்தாலிங்கம் ஒரு மருதமரத்துக்குப் பின்னால் நின்றார். அவள் கழுத்தெலும்பு தெரிந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஈரக்கையால் ஒதுக்கிவிட்டு, துவைத்த சேலையைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரை வீணாக்காமல் பக்கத்தில் கிடந்த ஏதோ செடியின் அடியில் விட்டாள். அந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமா? பழக்கம். குத்தாலிங்கம் பைக்குள் கைவிட்டு இலையை எடுத்தார்.

இலை வதங்கிக் கறுத்து, பஸ் நெரிசலில் கசங்கி, வெற்றிலைச் சக்கை மாதிரி கையில் ஒட்டியது.

இதைக் காட்டியா கூப்பிடுவது? முப்பத்திரண்டில் ஒன்று, அதுவும் இந்த லட்சணத்தில். இன்னும் நாலு துளிர்க்கட்டும் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

மறுநாள் சைதூன் பீவி வேலியோரம் வந்தாள். "அருவி ஒண்ணு கேட்டுது, அண்ணாச்சி. மருதமரத்துக்குப் பின்னால வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு நின்னது யாருன்னு."

"அருவிக்குக் கண்ணு உண்டா?" என்றார் குத்தாலிங்கம், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"கண்ணு இருக்கு. காலு மட்டும்தான் இல்ல. யாராவது வந்து கூப்பிட்டாத்தான் எறங்கும்."

நாலு துளிர்த்தது. ஏழானது. பத்தாகட்டும் என்றிருக்கும்போது கறையான் வந்தது. ஈரம் இருக்கிற இடம் அந்தக் காட்டிலேயே இதுதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போலும். மூன்று கன்றுகளின் தண்டைத் தின்றுவிட்டது. குத்தாலிங்கம் மேலிடத்தைக் கேட்க அவகாசமில்லாமல், வேப்பம் புண்ணாக்கை இடித்து எல்லாப் பானையிலும் கரைத்து விட்டார். கறையான் போயிற்று. ஆனால் மூன்றாம் நாள் புளித்த வாடை கிளம்பிற்று. காற்று கிழக்கே அடித்தபோது அது டீக்கடை வரைக்கும் போயிற்று.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டையாவும் இரண்டு போலீஸ்காரரும் வேலிப்படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். வாசல் பலகையைச் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார்.

"சர்க்கார் தண்ணியா? எவ்வளவு கொழுப்பு இருக்கும்! ஏட்டு, மூடியத் தெற."

ஏட்டையா மூடியைத் திறந்தார். மூக்கைப் பிடித்தார்.

"குடிச்சுப் பாரும்."

ஏட்டையா ஒரு கை அள்ளி வாயில் விட்டார். அவர் முகம் நான்கைந்து விதமாகப் போய்க் கடைசியில் அழுகையில் நின்றது. துப்பிவிட்டு, அட்டென்ஷனில் நின்று சொன்னார்:

"ஐயா, இது சாராயம்னா, ஒரு தடவ குடிச்சவன் சாகுத வரைக்கும் மதுவிலக்குப் பிரசாரம் பண்ணுவான்."

"கசப்பப் போட்டு ஏமாத்துதான். ரெண்டு பானையத் தோண்டி எடுங்க. ஆளையும் கூட்டிட்டு வாங்க."

"ஐயா, என்னைக் கொண்டு போங்க, பானையத் தோண்டாதிய! வேரு, ஐயா, வேரு!" என்று குத்தாலிங்கம் குறுக்கே விழுந்தார்.

போலீஸ்காரர்கள் கேட்கவில்லை. மண்வெட்டியால் சுற்றி வெட்டிப் பானையைத் தூக்கினார்கள். தூக்கியவர்களே அப்படியே நின்றுவிட்டார்கள். பானையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக, சேமியா மாதிரி, நூறு நூறு வேர்கள். குளிருக்குத் தாயைக் கட்டிக்கொண்ட குழந்தை மாதிரி எலுமிச்சைக் கன்று பானையைக் கட்டிக்கொண்டிருந்தது. அறுந்த வேர்களில் துளித்துளியாக ஈரம்.

கைதாகி நிற்பதையும் மறந்து குத்தாலிங்கம் அதைப் பார்த்தார். 'அவ இத பாக்கலியே' என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"குழிய மண்ணு போட்டு மூடுங்கப்பா," என்றார் போலீஸ்காரரிடம் மெதுவாக. அந்த மனிதரும் மூடி, காலால் மிதித்துவிட்டார்.

தென்காசி ஸ்டேஷன்வரை ஒரு பானையை ஏட்டையாவின் தலையில் ஏற்றிவிட்டார்கள். வழி நெடுகப் பானை தன் வேலையைச் செய்தது. போய்ச் சேர்ந்தபோது ஏட்டையாவின் தொப்பி, காலர், மீசை எல்லாம் வேப்பம் புண்ணாக்கு. பானைகளைச் சாட்சியாக மேஜைமேல் வைத்துவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது மேஜை, மேஜைமேலிருந்த காகிதக்கட்டு, கீழே நாற்காலி எல்லாம் நனைந்திருந்தன. இரண்டு பானையிலும் அடியில் கொஞ்சம் சகதி மட்டும் இருந்தது.

"சாட்சி எங்க வே?"

"கசிஞ்சிட்டுது, ஐயா," என்றார் ஏட்டையா.

"நான்தான் சொன்னேன்லா!" என்றார் குத்தாலிங்கம், மூலையில் உட்கார்ந்தபடி பெருமையாக. "நல்ல பானை, ஐயா. நாலு நாள் வேலைய நாலு மணி நேரத்துல காட்டிட்டுது."

அருமைநாயகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"இது சர்க்கார் திட்டமா?"

அருமைநாயகம் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டார். "ஆ...மா, சார்."

"ஆர்டர் இருக்கா? என்ன நம்பர்?"

"மேல... கேட்டுச் சொல்லுதேன், சார்."

அப்போதுதான் வாசலில் சொக்கம்மாள் வந்து நின்றாள். 'உன் புருசனைச் சாராயக் கேசில் பிடித்துவிட்டார்கள்' என்ற செய்தி குற்றாலத்துக்குப் போய், போட்டது போட்டபடி பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் அருமைநாயகம் சட்டென்று ஜில்லா கலெக்டர் வந்த மாதிரி விறைத்து நின்றார். ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா, நல்ல பையன் என்று குத்தாலிங்கம் நினைத்துக்கொண்டார்.

சொக்கம்மாள் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"ஐயா, அவுக பச்சத் தண்ணி குடிச்சாலே விக்கல் எடுக்குத மனுசன். அவுகளா சாராயம் காச்சுவாக? கன்னுக்குத் தண்ணி ஊத்துனது குத்தம்னா, என்னையும் பிடிச்சுப் போடுங்க. நானும் ஊத்திருக்கேன்."

நனைந்த நாற்காலியில் மறந்துபோய் உட்கார்ந்துவிட்ட சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையாவின் மீசையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமல், "கூட்டிட்டுப் போம்மா," என்றார். "பானையையும் எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா ஸ்டேஷனே துளுத்துரும்."

தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசைவரை இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். ஆளுக்கொரு பானை. கூப்பிடாமலே வந்துவிட்டாள், இனிமேல் 'வா' என்று சொல்வதா, 'வந்துட்டியா' என்று சொல்வதா என்று குத்தாலிங்கத்துக்குப் புரியவில்லை.

"துளுத்திருக்காமே?" என்றாள் அவள்தான்.

"பதினேழு. இருபத்தொன்பது உசிரோட இருக்கு."

"மருதமரத்துக்குப் பின்னால நின்னன்னிக்கு எத்தன?"

"ஒண்ணுதான். அதுவும் வதங்கிட்டுது."

"ஒண்ணு போதும்னுதான நானும் இருந்தேன்," என்றாள் சொக்கம்மாள். அவள் பானையையும் அவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழையாமல் அவள் நேரே தோட்டத்துக்குப் போனாள். துளிர்த்த கன்றின் அடியில் குந்தி உட்கார்ந்து, பானையோரம் மண்ணுக்குள் விரலை விட்டாள். விரலை எடுத்துப் பார்த்தாள்.

"ஈரம் இருக்கு," என்றாள்.

குத்தாலிங்கத்துக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. பானை எப்படிக் கசிகிறது, கணீரென்று கேட்டால் ஏன் ஆகாது, தொப்பென்று கேட்டால் ஏன் ஆகும், வேர் எப்படித் தேடி வருகிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆதியோடந்தமாக விளக்கினார்.

"வயல்ல நிக்க விடுத மாதிரி தண்ணிய நிக்க விடப்படாது, பாத்துக்கோ. குடுக்கது தெரியாம குடுக்கணும்."

"அப்படியா?" என்றாள் சொக்கம்மாள். "சர்க்காருக்குத்தான் எவ்வளவு மூள!"

"பின்ன? படிச்சவங்கள்லா!"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குத்தாலிங்கம் பயந்து போனார்.

ஆனி பிறந்து பத்தாம் நாள் சாரல் இறங்கியது. மலை மறைந்து, அருவி மறைந்து, தோட்டம் முழுவதும் தூவானமாகப் பறந்தது. எலுமிச்சை இலைகள் நனைந்து ஆடின. வட்டில் இரண்டும் மறுபடி அலம்பிக் கவிழ்க்கப்பட்டன. கோடையைத் தாண்டி நின்ற இருபத்தொன்பது கன்றுகளையும் பார்க்கப் பார்க்கக் குத்தாலிங்கத்துக்கு ஒரு கடமை பாக்கி இருப்பதாகப் பட்டது. பானை கன்றையும் பிழைக்க வைத்தது, பெண்டாட்டியையும் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மேலிடத்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? அருமைநாயகத்திடம் அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டால் அவர் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே ஓடிவிடுகிறார்.

ஒரு காலை அவரே உட்கார்ந்து ஒரு முழுத் தாளில் கடிதம் எழுதினார். சைதூன் பீவி தென்காசிக்குக் கிளம்பி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியோரம் போனாள்.

"சைதூனு, இதத் தபால்ல போட்டுரு."

"யாருக்கு, அண்ணாச்சி?"

"இந்தப் பானைத் திட்டத்தக் கண்டுபிடிச்ச ஆபீசருக்கு. பேரு தெரியல. 'மேன்மை தங்கிய பானை ஆபீசர் அவர்கள், மெட்ராஸ்'னு போட்டிருக்கேன். போயிச் சேந்துரும்லா?"

"உள்ள என்ன எழுதிருக்கிய?"

குத்தாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'ஐயா, தாங்கள் யாரோ எவரோ, நான் அறியேன். நான் உண்டேனா, வெயிலில் நின்றேனா என்றுகூட அங்கிருந்தே கவனித்த தங்களை ஒரு நாள் நேரில் கண்டு கும்பிட வேண்டும் என்பதே என் ஏக்கம்.'"

சைதூன் பீவி கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"மெட்ராசுக்கு எதுக்கு அண்ணாச்சி தபாலு? பங்குனியில என்னையும் இழுத்துக்கிட்டு பிளாக் ஆபீசுக்குப் போயி, 'நான் சொன்னா அவுக கேக்க மாட்டாக, சர்க்கார் சொல்லுதுன்னு சொல்லுங்க சார்'னு அந்தப் பிள்ளைகிட்டக் கெஞ்சிக் கூத்தாடுன ஆபீசரு, உங்க அடுக்களையிலதான் தோசை சுட்டுக்கிட்டு இருக்கா!"